புதுப்பிப்பு: கறிக்குப் புகை போட எந்த விறகு?

கறியைப் புகையில் வேகவைக்க அமெரிக்கர்கள் போடும் ஹிக்கரி, ஆப்பிள் மரக் கட்டைகளுக்குப் பதிலாக மதுரையில் எதைப் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. பலரும் சொன்ன கொய்யாதான் ஜெயித்தது. அழகர்கோவில் பக்கத் தோப்பில் கவாத்து செய்த கிளைகள், நன்றாகக் காய்ந்தவை. கோழித்தோல் செம்பு நிறத்துக்கு வந்தது; வாசம் லேசான இனிப்பு.

நம்மூர் சீமைக் கருவேலம் அமெரிக்கர்களின் மெஸ்கீட் மரத்துக்குப் பங்காளி. புகை முரட்டுப் புகை. ஆட்டுத்தொடைக்கு அதைக் கங்காக்கி, மேலே கொய்யாத் துண்டு ஒன்றிரண்டு வைத்தால் போதும். வெள்ளைப் புகை குபுகுபுவென வரும்போது கறியை உள்ளே வைக்காதீர்கள், கசந்துவிடும். மெல்லிய நீலமாக மாறட்டும்.

வேப்பங்கட்டை போடலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: கசப்புக்குப் பயந்து நான் தொடவில்லை. அரளி பக்கமே போகாதீர்கள், விஷம். பெயின்ட் அடித்த பழைய கதவுக்கட்டையும் வேண்டாம்.

புளியங்கட்டை இன்னும் காயவில்லை. அடுத்து அதுதான்.