புதுப்பிப்பு: மூணு பெரியவங்களுக்கு ரூம் புக் பண்ணியாச்சு
நான், அம்மா, அப்பா மூணு பேருக்கும் சிட்டிக்குள்ள கட்டுப்படியாகற ரேட்ல ஹோட்டல் வேணும்னு கேட்டிருந்தேன்ல, முடிஞ்சுது, யோசனை சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டபுள் ரூம்ல எக்ஸ்ட்ரா பெட் போட்டுக்கறதுதான் முதல்ல சீப்பா தெரிஞ்சுது, ஆனா தேடும்போதே பெரியவங்க 3 பேர்னு போட்டா ரேட்டே மாறுது, சில ரூம் லிஸ்ட்லயே வராது. ஹோட்டலுக்கே போன் போட்டு கேட்டா அந்த எக்ஸ்ட்ரா பெட் மடக்கு கட்டிலாம், விரிச்சா பாத்ரூம் கதவு பாதிதான் திறக்குமாம்! ராத்திரி எந்திரிச்சு போற அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. அதனால மூணு தனி கட்டில் உள்ள ட்ரிபிள் ரூம் எடுத்துட்டேன், கொஞ்சம் கூடுதல்தான், ஆனா மெட்ரோ ஸ்டேஷன் நடக்கற தூரம்ங்கறதால டாக்ஸி காசு மிச்சம். லிஃப்ட் இருக்கான்னும் கேட்டுக்கிட்டேன், பழைய கட்டிடம்னா இதை அவசியம் கேளுங்க. டாக்ஸ் சேர்த்த மொத்த ரேட்டையும் கேன்சல் பண்ண கடைசி தேதியையும் பாத்துட்டுதான் பணம் கட்டினேன்.