குளிர்காலத்தில் பிள்ளைகளோடு மான்செஸ்டர் ஆலைப் பகுதியைச் சுற்றிப் பார்க்கலாமா?

சிப்புட் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், மான்செஸ்டரில் வேலை செய்யும் என் தம்பி வீட்டுக்கு, பதினொரு வயது மகளையும் ஏழு வயது மகனையும் அழைத்துக்கொண்டு பத்து நாள் பயணமாகப் போகிறோம். பந்து மைதானத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகன் முடிவு செய்துவிட்டான். அதில் எனக்கு மறுப்பில்லை. நான் பார்க்க விரும்புவது காசில்ஃபீல்டு, ஆன்கோட்ஸ் என்னும் பழைய ஆலைப் பகுதிகளை. அதற்குத்தான் வீட்டில் எதிர்ப்பு. "பால் கொட்டகையையும் புகைக்கூண்டையும் பார்த்துச் சலித்துத்தானே ரப்பர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தோம், பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து போய் இன்னொரு ஃபேக்டரியையா பார்க்க வேண்டும்?" என்று என் கணவர் கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. என் அம்மா முப்பது ஆண்டுகள் ரப்பர் மரம் சீவியவர். நானும் பள்ளி விடுமுறையில் அவரோடு போய், மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் எடுத்தவள். ஆலை என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

அந்தக் குளிரில் சிறுபிள்ளைகளை வெளியே எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? கால்வாய்க் கரையில் நடப்பது ஆபத்தில்லையா? பிள்ளைகள் ரசிக்கும்படி அங்கே ஏதேனும் இருக்கிறதா? போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெட்லாக் கரை எழுதியது:

அக்கா, வணக்கம். நான் தைப்பிங்கில் பிறந்து, இப்போது மான்செஸ்டரில் குடியிருப்பவன். தாராளமாகப் போகலாம், ஆனால் குளிரைவிட இருட்டைக் கணக்கில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். டிசம்பர் கடைசியில் இங்கே காலை எட்டேகாலுக்கு மேல்தான் பொழுது விடியும். மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே பத்து மணிக்குக் கிளம்பி, இரண்டு மணிக்குள் வெளியில் நடப்பதை முடித்துவிட்டு, மீதி நேரத்தைக் கூரைக்கு அடியில் கழிப்பதுதான் புத்திசாலித்தனம். பனி கொட்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். இந்த ஊரில் பனிப்பொழிவு எப்போதாவதுதான் வரும், மழை எப்போதும் வரும். தைப்பிங் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இந்த ஊர் மழையோ நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருந்து, எலும்புக்குள் இறங்கிய பிறகுதான் நனைந்துவிட்டோம் என்பதே நமக்குத் தெரியும்.

காசில்ஃபீல்டில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயும் ராச்டேல் கால்வாயும் சந்திக்கின்றன. பிரிட்ஜ்வாட்டர் கோமகன் தம்முடைய வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை நகருக்குக் கொண்டுவர வெட்டிய கால்வாய் 1761-இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு நகரில் கரி விலை பாதியாக இறங்கியதாகச் சொல்வார்கள். ராச்டேல் கால்வாய் 1804-இல் முழுமையாகத் திறக்கப்பட்டு, படகுகளை ஏற்றி இறக்கும் 92-ஆம் மதகில் வந்து இதனோடு சேர்கிறது. அந்த மதகின் மரக்கதவுகளைப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் மகனின் கையை விடவே கூடாது, ஏனென்றால் கரையில் பல இடங்களில் தடுப்புக் கம்பியே கிடையாது. கருங்கல் பாவிய பாதையில் ஈர இலை ஒட்டியிருக்கும், உறைபனி விழுந்த காலையில் அது கண்ணாடியாக வழுக்கும். பழைய கால்வாய்ப் பாலங்களின் அடியில் நுழையும்போது மூலைக்கல்லைத் தொட்டுப் பாருங்கள்: படகை இழுத்துச் சென்ற குதிரையின் கயிறு பல்லாண்டு உராய்ந்து, விரல் நுழையும் அளவுக்குக் கல்லில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். என் மகளுக்கு அந்த வட்டாரத்திலேயே பிடித்தது அதுதான்.

பக்கத்திலேயே அறிவியல் தொழிலியல் அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். 1830 செப்டம்பர் 15-இல் தொடங்கிய லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையின் நிலையம் இருந்த அதே வளாகம் அது. பழைய கட்டடங்கள் என்பதால் அவ்வப்போது சில பகுதிகள் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கும், கிறிஸ்துமஸ் நாட்களில் முழுவதுமே மூடியிருக்கும், ஆதலால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 25-ஆம் தேதி ரயிலும் ஓடாது. அன்று தம்பி வீட்டிலேயே இருந்து சமையுங்கள்.

வாத்தியார் கோலகங்சார் எழுதியது:

அம்மா, உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில் இது: உங்கள் தாயார் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், வடித்த ரப்பர் பாலுக்கு ஒரு மறுமுனை உண்டு, அதில் ஒரு முக்கியமான இடம் மான்செஸ்டர்.

1823-இல் சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தா என்னும் எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பசைபோல் தடவி, தண்ணீர் புகாத துணி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் துணியைச் செய்ய அவர் ஆலை எழுப்பிய இடம் மான்செஸ்டரில், மெட்லாக் ஆற்றோரம் உள்ள கேம்பிரிட்ஜ் தெரு. காசில்ஃபீல்டிலிருந்து நடந்தே போகலாம். இங்கிலாந்தில் மழைக்கோட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. தொடக்கத்தில் அந்த ரப்பர் நம்முடையது அல்ல, தென்னமெரிக்கக் காட்டிலிருந்து போனது. 1876-இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றுள் ஒன்பது எங்கள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து காரில் அரை மணி நேரப் பயணம். விமானம் ஏறுவதற்கு முன் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிடுங்கள். பிறகு அங்கே மழைக்கோட்டோடு கேம்பிரிட்ஜ் தெருவில் நிற்கும்போது நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகியதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று அந்த ஓயாத ஈரம்: காற்றில் ஈரம் இருந்தால் பஞ்சு நூல் எளிதில் அறுவதில்லை. நம் தோட்டத்தில் கதை நேர் எதிர். விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து, பால் மங்கில் விழாமல் மரத்தின் மேலெல்லாம் வழிந்துவிடும். காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்திலிருந்தே எல்லோரும் லயத்து வீடுகளுக்குத் திரும்புவார்கள், அன்றைய கூலி போயிற்று.

ஒரு நாள் ஒதுக்க முடியுமானால், நகருக்குத் தெற்கே விமான நிலையத்துக்கு அருகில் ஸ்டையல் என்னும் ஊரில் உள்ள குவாரி பேங்க் ஆலைக்கும் போங்கள். சாமுவேல் கிரெக் 1784-இல் கட்டிய பஞ்சாலை அது. ஆலை, தொழிலாளர் வீடுகள், பள்ளி, தேவாலயம், கடை எல்லாம் ஒரே முதலாளியின் நிலத்தில் இருந்தன. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்த அமைப்பைப் பார்த்தவுடன் புரியும். அந்தக் கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்காத் தீவில் அடிமைகளை வைத்து நடத்திய தோட்டமும் இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். ஏழையர் விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் தங்கிய பயிலுநர் இல்லம் இன்றும் அங்கே இருக்கிறது. ஓடும் இயந்திரத்தின் அடியில் ஊர்ந்து கழிவுப் பஞ்சைப் பொறுக்குவது, அறுந்த நூலை முடிச்சிடுவது எல்லாம் சிறுவர் வேலை. 1806-இல் தாமஸ் பிரீஸ்ட்லி என்னும் பதின்மூன்று வயதுப் பையன், இயந்திரத்தில் ஒரு விரலை இழந்த பிறகு, தன் தாயைப் பார்க்க வேண்டும் என்று நண்பன் ஒருவனோடு அங்கிருந்து ஓடி லண்டன் வரை போய்விட்டான்; நீதிபதிகளின் முன் அவன் கொடுத்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களைப் பஞ்சாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் 1819-இல்தான் வந்தது, அதைக் கண்காணிக்க ஆய்வாளர்களை வைத்ததோ 1833-ஆம் ஆண்டுச் சட்டம்தான். உங்கள் மகனுக்கு ஏழு வயது.

நேரம் மிச்சமிருந்தால் மான்செஸ்டர் பேராலயத்துக்கு வெளியே நிற்கும் காந்தி சிலையையும் பாருங்கள். 1931-இல், அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்திருந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களை அவர் நேரில் போய்ச் சந்தித்தார். மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளி இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்வது பொருத்தம்தானே.

ஈப்போ ரயிலடி எழுதியது:

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். ஐயா சொன்ன அத்தனையையும் ஏழு வயதுப் பையனிடம் ஒரே நாளில் சொன்னால், அவன் பந்து மைதானத்தைத் தவிர வேறெதையும் நினைவில் வைத்திருக்க மாட்டான். நான் இரண்டு பிள்ளைகளோடு ஒரு ஜனவரியில் போய்ப் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன். முதல் நாளே காசில்ஃபீல்டு, ஆன்கோட்ஸ், பேராலயம் என்று மூன்றையும் சேர்த்தேன். மதியத்துக்குள் சின்னவனின் காலுறை நனைந்து, அவன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். மாற்றுக் காலுறை ஹோட்டலில் இருந்தது.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். பையில் இரண்டு ஜோடிக் காலுறை, ஃபிளாஸ்கில் சூடான மைலோ, கையுறையைக் கயிற்றில் கட்டிச் சட்டைக் கைக்குள் விட்டுவிடுவது – இவை இருந்தால் பாதிச் சண்டை குறையும். பிள்ளைகளுக்கு வரலாற்றைவிட வேட்டைதான் பிடிக்கும். தேனீ அந்த நகரத்தின் சின்னம். 1842-இல் நகருக்கு வழங்கப்பட்ட இலச்சினையிலேயே தேனீக்கள் உண்டு. குப்பைத்தொட்டி, தெருக்கம்பம், பேருந்து என எங்கு பார்த்தாலும் தேனீ இருக்கும். யார் அதிகம் எண்ணுகிறார்கள் என்று போட்டி வைத்தால் ஆன்கோட்ஸ் முழுவதையும் முணுமுணுக்காமல் நடந்துவிடுவார்கள். அங்கே 1798-இல் கட்டத் தொடங்கிய மரே ஆலை இப்போது அடுக்குமாடி வீடாக இருக்கிறது, வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் போதும்.

அருங்காட்சியகத்தில் நெசவு இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் நேரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ஒன்றிரண்டு இயந்திரத்துக்கே காது அடைக்கிறது. நூற்றுக்கணக்கில் ஓடிய கூடத்தில் பேச்சு கேட்காது என்பதால், பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொண்டார்களாம். வெளியே வந்த பிறகு என் பிள்ளைகள் ரயிலடி வரை உதட்டசைவில்தான் சண்டை போட்டார்கள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அமைதியான அரை மணி நேரம் அது.

சிப்புட் அம்மா எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி நேற்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோலகங்சாருக்கு அழைத்துப் போய் அந்த மரத்தைப் பார்த்தோம். அம்மாவும் வந்திருந்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பட்டையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "இதைச் சீவத் தெரியாதவன் கையில் கொடுத்திருக்கிறார்கள்" என்று சொன்னார். மழை ஈரத்தால் நூல் அறாமல் இருந்த கதையைக் கேட்டபோது சிரித்தார். "மழை பெய்தால் அவர்களுக்கு வேலையா? எங்களுக்கு மழை பெய்தால் அடுப்பு எரியாது" என்றார். என் கணவர் அதன் பிறகு எதிர்த்துப் பேசவில்லை, ஆனால் குவாரி பேங்க் ஆலையா பந்து மைதானமா என்று வந்தால் தாம் மகன் பக்கம்தான் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

காசில்ஃபீல்டுக்கு ஒரு நாள், ஆன்கோட்ஸுக்கு அரை நாள், ஸ்டையலுக்கு ஒரு நாள் என்று வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் இங்கேயே வாங்கிக் கொண்டுவரலாமா?

மெட்லாக் கரை எழுதியது:

வேண்டாம் அக்கா, பெட்டியில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். இங்கே அறக்கட்டளைகள் நடத்தும் பழைய துணிக் கடைகளில் பிள்ளைகளின் பூட்ஸ் மலிவாகக் கிடைக்கும். இருவரின் காலடியையும் தாளில் வரைந்து உங்கள் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள், அவர் வாங்கி வைத்துவிடுவார். தடித்த கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டு வரையுங்கள், வெறுங்காலை வரைந்து அனுப்பினால் ஒரு அளவு சிறிதாகப் போய்விடும்.