டாட்டூ: பச்சையா, முரசா?

> ‘மிலிட்டரி டாட்டூ’வை ‘இராணுவப் பச்சைகுத்தல்’ என்று எழுதினால் தவறா? ‘மாலைமுரசு’ பொருந்துமா?

வணக்கம். தவறுதான். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு வேறு சொற்கள். தோலில் குத்துவது தஹிதியின் ‘டடாவ்’. 1769இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கடற்பயணத்தோடு ஆங்கிலத்துக்கு வந்தது. ‘மிலிட்டரி டாட்டூ’வில் இருப்பது சிப்பாய்களுக்கான இரவு முரசின் பெயர். அது இன்னும் மூத்தது, 17ஆம் நூற்றாண்டு டச்சுச் சொல்லான ‘டாப்டூ’. பொருள், ‘பீப்பாய்க் குழாயை மூடு’. இரவில் இந்த முரசு கேட்டதும் கடைக்காரர் மது ஊற்றுவதை நிறுத்துவார். சிப்பாய்கள் கொட்டடிக்குத் திரும்புவார்கள். பிறகு அதுவே படைகளின் இசை, அணிவகுப்புக் காட்சிக்குப் பெயராயிற்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டை முன்றிலில் 1950 முதல் நடப்பது அதுதான்.

‘மாலைமுரசு’ என்றால் நம்மவர் நாளிதழைத்தான் நினைப்பார்கள். நேரமும் இடிக்கிறது: சூரியன் மறையும்போது ஒலிப்பது ‘ரிட்ரீட்’ என்னும் வேறொரு படைமுரசு. அதன் பெயரில் தில்லியில் ஜனவரி 29 அன்று நடப்பதைப் ‘பாசறை திரும்பும் நிகழ்ச்சி’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதிப் பழகிவிட்டன. டாட்டூ அதற்குப் பிறகு, இரவில் ஒலிப்பது. என் பரிந்துரை: அடங்குமுரசு.

---

> அடங்குமுரசு

ஐயா, இது வினைத்தொகை. ‘அடங்குகின்ற முரசு’ என்று விரியும். ஓய்ந்துபோகும் முரசு என்றாகிவிடும். ‘அடக்குமுரசு’ என்று திருத்தினால் அடக்குமுறை வாடை அடிக்கும். ‘பறை’ என்றும் வைக்க முடியாது. பறைசாற்றுவதில் கொட்டுக்குப் பின்னே வாய்மொழி அறிவிப்பு உண்டு. டாட்டூவில் கொட்டே ஆணை.

‘ஊரடங்கு’ இன்று தனிப் பெயர்ச்சொல்லாக நிற்கிறது. ‘ஊரடங்கு உத்தரவு’ என்றால் யாரும் குழம்புவதில்லை. அதே அச்சில் ‘படையடங்கு முரசு’ வார்க்கலாம். ஏறு தழுவுகையில் கொட்டுவது ஏறுகோட்பறை, நெல்லரிகையில் கொட்டுவது நெல்லரிகிணை என்று செயலை வைத்துக் கொட்டுக்குப் பெயரிடுவது நம் பழைய வழக்கம்தானே. காட்சிக்கு இது வேண்டாம். அங்கே யாரும் அடங்குவதில்லை! ‘படையிசை விழா’ போதும்.

---

படையடங்கு முரசு எனக்கும் சம்மதம். அது பெரிய முரசன்று, தோளில் மாட்டி இடுப்போரம் தொங்கவிட்டு இரு குச்சிகளால் அடிக்கும் சிறு கொட்டு. ஆனாலும் சொல் குறிப்பது ஆணையை, கருவியை அன்று, இருக்கட்டும்.

உருவகப் பொருளுக்குத்தான் எச்சரிக்கை தேவை; விடாமல் தட்டுவதையும் அடிப்பதையும் ஆங்கிலத்தில் ‘டாட்டூ’ என்பார்கள். பொறுமையிழந்தவர் விரல்களால் மேசையில் ‘டாட்டூ’ அடிப்பதைத் ‘தாளம் போட்டார்’ என்று எழுதினால், பாட்டை ரசிக்கிறார் என்றாகும். ‘சோற்றுக்குத் தாளம் போடுகிறான்’ என்பதோ வறுமை. இங்கே புதுச்சொல்லே வேண்டாம், இரட்டைக்கிளவி இருக்கிறது: ‘மேசையைப் படபடவென்று தட்டினார்’, ‘தகரக் கூரையில் மழை சடசடத்தது’. நெஞ்சுக்குத் ‘திக்திக்’, ஆனால் அதில் அச்சமும் ஏறிவிடும், ஓடிக் களைத்தவனுக்குப் பொருந்தாது. அவனுக்கு ‘நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது’.

சொற்பட்டியலில் முரசு, விழா, தட்டல் என மூன்று பதிவுகளாகவே ஏற்றலாம். பச்சைகுத்தலுக்குத் தனித் தலைச்சொல். அதை முரசின் துணைப்பொருளாக இட்டுவிட வேண்டாம்.