கோத்தகிரி: தீனித்தட்டை அண்டங்காக்கையும் புறாவும் காலி செய்கின்றன, சிறு குருவிகளுக்கு என்ன வழி?

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். தகரக் கூரை வீடு, பின்னால் தேயிலை, இரண்டு சில்வர் ஓக். ஆறடி மூங்கில் கம்பத்தின் மேல் ஒன்றரை அடிச் சதுரப் பலகை. காலை ஏழு மணிக்குச் சோளக்குருணை, நொய், தினை கலந்து அரைக் கிலோ வைக்கிறேன். கூடவே வாழைப்பழம், மீந்த சப்பாத்தி. ஏழேகாலுக்குள் அண்டங்காக்கை நான்கு, காட்டு மைனா, மாடப்புறா பத்துப் பதினைந்து என வந்து துடைத்துவிடுகின்றன. சிட்டுக்குருவி, சில்லை, பட்டாணிக்குருவி மூன்றும் வேலியோடு திரும்பிப் போகின்றன. மிளகாய்த்தூள் கலந்தும் பயனில்லை. தூண்டில் நரம்பைக் குறுக்கே கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

பதில் (குன்னூர்)

நரம்பு வேண்டவே வேண்டாம் சார். மூடுபனியில் கண்ணுக்கே தெரியாது. கால் சிக்கினால் குருவி தொங்கியே செத்துப்போகும். மிளகாய் அணிலையும் குரங்கையும் தடுக்கும், பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது. காந்தாரி மிளகாய்ச் செடியில் கொண்டைக்குருவி பழம் பறித்து விழுங்குவதைக் கவனித்திருப்பீர்கள்.

தீனியிலிருந்து தொடங்குங்கள். காக்கை வருவது சப்பாத்திக்கு, புறா வருவது சோளத்துக்கும் நொய்க்கும். மூன்றையும் நிறுத்திவிட்டு, தினையும் சாமையும் மட்டும் நாளுக்கு 100 கிராம் வையுங்கள். காக்கைக்கு ஆர்வம் குறைந்துவிடும். புறா விடாது, தினையையும் தின்னும். அதற்குத் தீனியைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போடுவதுதான் வழி.

பதில் (வெலிங்டன்)

கூண்டின் அளவு சொல்கிறேன். ஒன்றரை அங்குலச் சதுரக் கண்ணி உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். சிட்டு, சில்லை, பட்டாணிக்குருவி எல்லாம் தாராளமாக நுழையும். மைனா, புறா, காக்கை நுழையாது. இரண்டு அங்குலக் கண்ணி என்றால் மைனா உடம்பை ஒடுக்கி உள்ளே போய்விடும். கோழிவலை மலிவுதான், ஆனால் மெல்லிசு; காக்கை இழுத்தே பிரித்துவிடும், குருவியின் விரலும் மாட்டும்.

நடுவில் 4 அங்குல அகலமுள்ள எவர்சில்வர் டப்பா. அடி விளிம்பையொட்டி 8 மி.மீ. துளை நான்கு போட்டு, 7 அங்குலத் தட்டின் மேல் நிற்க வையுங்கள். தினை தானாகவே இறங்கும். (பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துச் செய்வது நம் நீலகிரி மாவட்டத்துப் பிளாஸ்டிக் தடைக்கு ஒத்துவராது.) டப்பாவைச் சுற்றி 6 அங்குல இடைவெளி கண்டிப்பாக வேண்டும், அதாவது கூண்டின் அகலம் 16 அங்குலம். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: கூண்டைக் குறுக்கிவிடுவார்கள், புறா கண்ணிக்குள் கழுத்தை நீட்டித் தின்னும். வெட்டிய கம்பி முனைகளை அரத்தால் தேய்த்து வெளிப்பக்கம் மடக்குங்கள். மேலே 22 அங்குலத் தகரத் தொப்பி, தட்டில் தண்ணீர் வடிய ஆறேழு சிறு துளை.

கம்பத்தில் வைக்காமல் தொங்கவிடுங்கள். கீழே சிந்தும் தினைக்காகவே புறா காத்திருக்கும், மாலையில் கூட்டிவிடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி)

நன்றி சார். கொண்டைக்குருவி உள்ளே வராதே? அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் காக்கைக்குச் சோறு வைக்கும் வீடு, அதையும் நிறுத்த முடியாது.

பதில் (கொடைக்கானல்)

கொண்டைக்குருவிக்குக் கூண்டு வேண்டாம் சார். அரைப் பப்பாளித் துண்டையோ வாழைப்பழத்தையோ மெல்லிய கம்பியில் இரண்டடி தாழத் தொங்கவிடுங்கள். ஆடிக்கொண்டே இருப்பதில் அண்டங்காக்கைக்கு நிலையான பிடி கிடைக்காது. கொண்டைக்குருவி பழத்தையே பற்றிக்கொண்டு தின்னும். வெள்ளைக்கண்ணிக் குருவியும் வரும்.

காக்கைச் சோறு அப்படியே இருக்கட்டும், வீட்டின் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரு கைப்பிடி போதும், மிச்சத்தை அரைமணியில் எடுத்துவிடுங்கள். காக்கையைத் திசைதிருப்பத் தினமும் தனியாகத் தீனி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒப்பமாட்டேன். தீனி பெருகினால் காக்கையும் பெருகும், தோட்டத்து வேலியில் கூடு கட்டும் கொண்டைக்குருவியின் முட்டையும் குஞ்சும் அதன் வாய்க்குத்தான் போகும்.

பதில் (குன்னூர்)

இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. புதுக் கூண்டைக் கண்டு குருவிகள் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஒதுங்கும். முதல் சில நாள் ஒரு ஸ்பூன் தினையைக் கூண்டின் வெளிவிளிம்பில் தூவுங்கள், பழகிவிடும். பனியில் தினை கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கும்; வாடை வந்தால் மொத்தமாகக் கொட்டிவிட்டு, வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.

இருட்டுவதற்குள் டப்பாவையும் பழத்தையும் உள்ளே எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கம் கரடி வீட்டு வாசல்வரை வரும் இடம், தீனி வாசம் அதற்கு அழைப்பு. பகலில் குரங்குக் கூட்டம் பழகிவிட்டால் கூண்டைக் கழற்றி இரண்டு மூன்று வாரம் எதுவும் வைக்காமல் இருங்கள்.