ரியூசனுக்குப் போனால் மட்ச்சில் இறக்கமாட்டார்களாம், கோச்சுடன் எப்படிக் கதைப்பது?

நல்லூர்த் தகப்பன்:
மகனுக்கு 13 வயது, பள்ளிக்கூட உதைபந்தாட்ட ரீமில் இருக்கிறான். பிராக்டிஸ் நேரத்தில்தான் கணித ரியூசனும். அதற்குப் போனால் அடுத்த மட்ச்சில் வெளியே இருத்திவிடுகிறார்கள். போன மட்ச்சில் சில தகப்பன்மார் லைனில் நின்று கோச்சைப் பேச, அவர் திருப்பிப் பேச, பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோச் நல்ல மனிதர். அவரை நோகப்பண்ணாமல் எப்படிக் கேட்கலாம்?

வடமராட்சிக் கோச்:
அண்ணை, தனியப் போய் உங்கள் மகனின் கதையை மட்டும் கேட்டால் முறைப்பாடு மாதிரித்தான் இருக்கும். நாலு பெற்றோர் சேர்ந்து, பொறுப்பாசிரியரையும் வைத்துக்கொண்டு கூட்டம் கேளுங்கள். நான் சீசன் தொடங்க முதலே தாய் தகப்பனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்: சிநேகபூர்வ ஆட்டத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரு பாதியாவது விளையாடும், நொக்அவுட்டில் அந்த உறுதி தரமாட்டேன். ரியூசன் நேரங்களையும் அப்போதே வாங்கி வைத்துக்கொண்டுதான் பிராக்டிஸ் நாட்களைப் போடுவேன். இன்னொன்று, சிறுவர் போட்டிகளில் நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம் அனுமதித்தால் வெளியே எடுத்த பிள்ளையைத் திரும்ப இறக்க உதைபந்தாட்டச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. உங்கள் சுற்றுப்போட்டி விதியில் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள், இருந்தால் எல்லாரையும் விளையாடவிடுவது கஷ்டமில்லை. மட்ச் முடிந்த கையோடு மட்டும் கதைக்காதீர்கள், அடுத்த நாள் போங்கள்.

குருநகர் அம்மா:
நோவைப் பற்றியும் அந்தக் கூட்டத்தில் கதையுங்கள். என் மகனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டாலே நொந்தது, இடம் போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். வளரும் வயதில் ஓடிப் பாய்கிற பிள்ளைகளுக்கு வருகிற ஒஸ்குட் ஸ்லாட்டர் என்றார் டொக்டர். வளர்ச்சி முடிய அநேகமாக மாறிவிடுமாம், ஆனால் நோகிற நாட்களில் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். நோ என்று சொன்னால் ரீமை விட்டு எடுக்கமாட்டேன் என்று கோச் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும், தாய்மாருக்குச் சொன்னால் காணாது.

பழைய கோலி:
லைனில் நிற்கிற தகப்பன்மாருக்கும் ஒன்று. கோச் "பாஸ் குடு" என்கிறார், நீங்கள் "அடியடா" என்று கத்துகிறீர்கள், அவன் யார் சொல்லைக் கேட்பான்? கை தட்டுங்கள், பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், விளையாட்டைக் கோச்சிடம் விடுங்கள்.

நல்லூர்த் தகப்பன்:
எல்லாருக்கும் நன்றி. பொறுப்பாசிரியருடன் கதைத்தேன், சனிக்கிழமை கூட்டம் வைக்கலாம் என்றார். ரியூசன் நேரங்களை மற்றப் பெற்றோரிடமும் வாங்கிக்கொண்டு போகிறேன்.