நின்ற லாரியில் இரவில் கார் மோதினால் தப்பு யார் மேல்? எதைப் பதிவு செய்ய வேண்டும்?

சாலையோரம் (கேள்வி கேட்பவர்):
நான்குவழிச் சாலை, இரவு 2 மணி. டெயில் லேம்ப் எரியாத லாரி பாதி ஓரத்திலும் பாதி ஓடுபாதையிலுமாக நிற்கிறது. பின்னால் வந்த கார் மோதுகிறது. "பின்னால் இடித்தவன் மேல்தான் தப்பு" என்று எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் அவ்வளவுதானா? லைட் எரியவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

எம்சிஓபி (விபத்து இழப்பீட்டு மனு) வக்கீல்:
அவ்வளவுதான் இல்லை. எஃப்.ஐ.ஆர். வெறும் தொடக்கம். இழப்பீட்டை முடிவு செய்யும் விபத்துத் தீர்ப்பாயம் கிரிமினல் கோர்ட் அளவுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்காது. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்க்கும். இருட்டில் எச்சரிக்கை விளக்கில்லாமல் நின்ற எரிவாயு டேங்கரில் கார் மோதிய வழக்கில், முழுத் தவறும் டேங்கர் மேல்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லா வழக்கும் அப்படி முடியாது. காரின் வேகத்தைக் காட்டிப் பாதித் தவறைக் கார்க்காரர் தலையில் கட்டுவதும் நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். சுதாரிக்க ஒன்றரை நொடி, அதற்கே 33 மீட்டர். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 36. மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். அழுக்கேறிய லாரி லோ பீமில் கண்ணில் படுவதே 40, 50 மீட்டரில்தான். 60 கி.மீ. என்றால் 45 மீட்டரில் நிறுத்திவிடலாம். எதிர்த்தரப்பு வக்கீல் பிடிக்கும் இடம் இதுதான்.

லாஸ் சர்வேயர் (இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்):
முதல் வேலை காயம்பட்டவருக்கு 108, பிறகு ஹசார்ட் லைட். ஆட்கள் தடுப்புக்கு வெளியே நிற்கட்டும். போட்டோ அதற்கப்புறம்.

இரவுப் போட்டோவில் இரண்டு கண்ணிகள். போனின் நைட் மோட் லென்ஸை ஒன்றிரண்டு நொடி திறந்து வைக்கும். கும்மிருட்டு ரோடு விடியற்காலை மாதிரி விழும். "இவ்வளவு தெளிவாகத் தெரியுதே" என்பார்கள். ஃபிளாஷ் அதைவிட மோசம். ரிஃப்ளெக்டர் டேப் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மண் படிந்த டேப் கூடப் பளிச்சென்று விழும். நைட் மோடை அணைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று, ஃபிளாஷுடன் ஒன்று, இரண்டும் எடுங்கள். டேப்பில் விரலால் ஒரு கோடு இழுத்து, அழுக்கு எவ்வளவு என்று கிட்டே ஒரு படம்.

பிறகு கி.மீ. கல் அல்லது மின்கம்பத்தின் எண், வெள்ளைக் கோட்டிலிருந்து லாரியின் வலது பின்சக்கரம் எத்தனை அடி உள்ளே, கண்ணாடித் தூள் எங்கே குவிந்திருக்கிறது, தாரில் விழுந்த கீறல். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் டயர் தடம் மங்கலாகத்தான் விழும்; தடம் இல்லை என்பதால் பிரேக் போடவில்லை என்றாகாது.

பல்பு விஷயம் முக்கியம். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருக்கும். அடி விழுந்தால் இழுபட்டுக் கோணும். கண்ணாடியும் உடைந்தால் இழையில் வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தூள் படியும். அணைந்திருந்த இழை சுருள் கலையாமல் இருக்கும், அல்லது பளபளப்பாக முறியும். உடைந்த பல்புக்கு யாராவது "எரியுதா பார்ப்போம்" என்று சுவிட்சைத் தட்டினால் அப்போதும் அதே தூள் உண்டாகும், சாட்சி போச்சு. நீங்களாகக் கழற்றவும் கூடாது. போலீஸ் மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவில்) கைப்பற்றித் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே. எல்.இ.டி. விளக்கில் இழையே கிடையாது, இந்த வழி செல்லாது.

சாலையோரம்:
டேஷ்கேம் கடிகாரம் 12 நிமிடம் பிந்தி ஓடினால் பதிவு செல்லுமா?

எம்சிஓபி வக்கீல்:
செல்லும். கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். கேமரா திரையையும் போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுங்கள். கார்டைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பழைய பதிவின் மேல் புதிது ஏறிவிடும். நகலோடு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவுச் சான்றும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும். டோல், பங்க் சி.சி.டி.வி.யும் சில வாரங்களில் அழிந்துவிடும். பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மறுநாளே அங்கே கடிதம் கொடுத்து, அதன் நகலை எஸ்.ஐ.க்கும் கொடுங்கள். கடைசியாகக் கடந்த டோலின் ஃபாஸ்டேக் நேரத்தையும் எடுத்து வையுங்கள். அது உங்கள் சராசரி வேகத்தையும் காட்டிக்கொடுக்கும், அதனால் முதலில் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.