ரெடிங் பக்கம் மவுண்டன் பைக்: சமதரையில் பழகிய கால்களுக்கு எந்தப் பாதை?

கொக்குவில் சில்லு:
எல்லோருக்கும் வணக்கம். கம்பஸ் லீவுக்கு, ஜூன் முதல் கிழமை, இங்கிலாந்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறேன். ரெடிங் என்ற இடம், ஆறு கிழமை நிற்பேன். அத்தான் தன்னுடைய மவுண்டன் பைக்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், 29 அங்குலச் சில்லு, முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன். பாறையில் இருந்து குதித்து இறங்குகிற ஓட்டம் எனக்கு வேண்டாம். வயல், ஆட்டு மந்தை, சின்னச் சின்னக் கிராமம், மரங்களுக்கு நடுவே மண்பாதை, இப்படி ஒரு நாள் முழுக்க ஓடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து சேரக்கூடிய பாதை இருந்தால் சொல்லுங்கள்.

இங்கே ஞாயிறு விடியற்காலையில் பண்ணைப் பாலத்தால் வெளிக்கிட்டு தீவுப்பக்கம் 50, 60 கிலோமீற்றர் சுற்றிவிட்டு வருவேன், களைப்பே தெரியாது. ஆனால் ஏற்றம் என்ற ஒன்றை நான் ஓடியதே இல்லை. குடாநாட்டில் எங்களுக்கு ஏற்றம் என்றால் மதகுதானே. அத்தான் "அதெல்லாம் மெல்லிய மேடுதான்" என்கிறார், அந்த மெல்லிய மேடு எவ்வளவு என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்று, அங்கே எல்லாப் பாதையிலும் சைக்கிள் ஓட விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

சுன்னாகத்தான்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அது தெரியாமல் எந்தப் பாதையைச் சொன்னாலும் பிரயோசனம் இல்லை. வயல்களை ஊடறுத்துப் போகிற பொதுப் பாதைகளின் படலைகளிலும் கம்பங்களிலும் சின்ன அம்புக்குறி ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு பிரிடில்வே, குதிரைப் பாதை, அதில் சைக்கிளும் ஓடலாம். 1968 இல் வந்த கன்ட்ரிசைட் சட்டம் அந்த உரிமையைத் தந்தது, நடந்து வருபவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாங்கள் வழிவிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஊதா அம்பும் சிவப்பு அம்பும் பைவே, பழைய வண்டிப்பாதை, அவற்றிலும் ஓடலாம். அங்கத்தைய அரச வரைபட நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் 1:25,000 எக்ஸ்புளோரர் வரைபடத்தில் குட்டிப் பச்சைக் கோடுகள் நடைபாதை, நீளப் பச்சைக் கோடுகள் பிரிடில்வே. முதல் நாள் இரவு அத்தானுடன் இருந்து அந்த வரைபடத்தை ஒரு மணித்தியாலம் பாருங்கள், அதுவே பாதி வேலை.

இனிப் பாதை. ரெடிங்கில் நிற்கிற உங்களுக்கு ரிட்ஜ்வே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, முதல் ஓட்டத்துக்கு நான் வேறெதையும் சொல்லமாட்டேன். எவ்பரிக்குப் பக்கத்தில் ஓவர்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்கோ பீக்கன் வரை 87 மைல் போகிற மிகப் பழைய பாதை அது. மேற்குப் பாதி, அதாவது தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிற ஸ்ட்ரீட்லி வரைக்கும், சைக்கிளுக்குத் திறந்தது. ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனால் பெரும்பகுதி நடைபாதை. இரண்டு பக்கமும் கம்பத்தில் ஒரே ஓக் விதைச் சின்னம்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது, அம்பின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

காலைக் கூட்டம் குறைந்த பிறகு ரெடிங்கில் சைக்கிளோடு ரயில் ஏறி கோரிங் அன்ட் ஸ்ட்ரீட்லி நிலையத்தில் இறங்கி, தேம்ஸ் பாலத்தைக் கடந்து ஸ்ட்ரீட்லிக்குப் போங்கள். கொஞ்ச தூரம் தார் வீதி, அப்புறம் வெள்ளை மண்பாதை மேலே ஏறத் தொடங்கும். அந்த முதல் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் ஏறி முடித்தபின் மேட்டின் முதுகிலேயே மணிக்கணக்காக ஓடலாம். இரண்டு பக்கமும் கோதுமை, வானம்பாடி, வழியில் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிற நீண்ட புல்தரைகள் (அந்தப் புல்லில் மட்டும் சில்லை வைக்காதீர்கள்). கால் தாங்கினால் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை வரை போகலாம், ஒரு வழிக்கே 30 கிலோமீற்றருக்கு மேல். மலைச் சரிவில் புல்லை வெட்டி வெண்கட்டியை நிரப்பி வரைந்த 110 மீற்றர் நீளமான குதிரை அது, வயது ஏறக்குறைய 3,000 வருஷம். அந்த மேடு 261 மீற்றர், ஒக்ஸ்போர்ட்ஷயரில் அதற்கு மேல் உயரம் கிடையாது. உங்கள் அத்தானின் மெல்லிய மேடு அவ்வளவுதான். களைத்துவிட்டால் பாதியில் வடக்கே இறங்கி டிட்கொட்டில் ரயில் எடுங்கள், ஜூனில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

பருத்தித்துறைப் பெண்:
நான் நோரிச்சில் இருக்கிறேன், அதனால் தெற்ஃபோர்ட் காட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் உலகப் போருக்குப் பிறகு மரத் தேவைக்காக நட்ட பைன் காடு, அடியில் மணல், மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. மழை பெய்து அடுத்த நாளே தண்ணீர் இறங்கிப் பாதை காய்ந்துவிடும். முதல் முறை அங்கே ஓடியபோது எனக்கு எங்கள் மணற்காட்டுச் சவுக்கங்காடுதான் ஞாபகம் வந்தது, அதே மணல், காற்றில் ஊசியிலைகள் இரைகிற அதே சத்தம், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கனநேரம் நின்றேன். ஹை லொட்ஜ் என்ற இடத்தில் இருந்து நிறம் போட்ட பாதைகள் வெளிக்கிடும். பச்சை எல்லோருக்கும், நீலம் கொஞ்சம் பழகியவருக்கு, சிவப்பு, கறுப்பு அதற்கு மேலே. தம்பி நீங்கள் நீலத்தில் தொடங்கலாம். சுன்னாகத்தான் அண்ணை சொன்ன நீல அம்பு வேறு, இந்த நீலம் வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ரெடிங்கில் இருந்து தெற்ஃபோர்ட் தூரம்தான், ஆனால் இதே நிற முறையில் பிரக்னெலுக்குப் பக்கத்தில் சுவின்லி காடு இருக்கிறது, ரயிலில் கிட்ட.

அக்காவின் பிள்ளைகளையும் கூட்டிப்போவதாக இருந்தால் டார்பிஷயரில் டிசிங்டன் பாதை. ஆஷ்போர்னில் இருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல், பழைய ரயில் பாதையின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு 1971 இல் நடக்கவும் ஓடவும் திறந்துவிட்டார்கள். ரயில் ஓடிய தரை என்றபடியால் ஏற்றம் மிக மெதுவாகத்தான் வரும். காங்கேசன்துறைப் பாதை தண்டவாளம் இல்லாமல் பற்றையாகக் கிடந்த காலத்தில் வளர்ந்தவள் நான். 2015 இல் எங்களுக்கு ரயில் திரும்பி வந்தது, அங்கே வரவே இல்லை. அந்தப் பாதையில் ஓடும்போதெல்லாம் இது மனதில் வரும்.

அராலி வெளி:
நான் சவுத் டவுன்ஸ் வே முழுவதும் மூன்று நாளில் ஓடியவன். வின்செஸ்டரில் இருந்து ஈஸ்ட்போர்ன் வரை 100 மைல், தொடக்கம் முதல் முடிவு வரை சைக்கிளில் போகலாம், அழகுக்குக் குறையே இல்லை. ஆனால் தம்பி, முதல் கிழமையில் அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு மேடும் 200 சொச்சம் மீற்றர்தான், ஆனால் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரும்போதெல்லாம் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும், ஏறியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பிதுருதலாகல மலையின் 2,524 மீற்றரைத் தாண்டிவிடும். கிழமை நாள் ஒன்றில் ஆம்பர்லி நிலையத்தில் இறங்கி ஒரு துண்டை மட்டும் ஓடுங்கள், ஓடுவது என்றால் மேற்கில் இருந்து கிழக்கே ஓடுங்கள். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, எங்கள் சோளகம் மாதிரி, அது முதுகில் இருக்க வேண்டும்.

முக்கியமாக நிலத்தைப் பற்றி. சவுத் டவுன்சும் ரிட்ஜ்வேயின் அந்தப் பகுதியும் வெண்கட்டி நிலம், அதுவும் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல். குடாநாட்டில் மழைநீர் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடுவதால் எங்களுக்கு ஆறு இல்லை அல்லவா, அங்கேயும் அதே கதைதான், மேட்டின் மேலே ஓடை கிடையாது. குறைந்தது 2 லீற்றர் தண்ணீர் கொண்டு போங்கள். காய்ந்த வெண்கட்டியில் சில்லு பறக்கும், நனைந்தால் சவர்க்காரம் பூசிய தரைதான். டிச்லிங் பீக்கனில் இருந்து இறங்கும்போது ஒரு தூறலுக்குப் பிறகு முன் பிறேக்கைப் பிடித்தேன், அடுத்த கணம் தோள் நிலத்தில். ஒரு மாதம் கை தூக்க முடியவில்லை. மழை பெய்த அன்று வெண்கட்டிச் சரிவில் இறங்குவதாக இருந்தால் வேகத்தை மேலேயே குறைத்துவிட வேண்டும். அந்த மண்ணுக்குள் சக்கிமுக்கிக் கல் கத்தி மாதிரி இருக்கும், ஆகவே மேலதிக ரியூப் இரண்டு, ஒட்டுச் சாமான், பம்ப். காய்ந்த காலத்தில் வண்டித் தடங்கள் இறுகிப்போயிருக்கும், முன்சில்லு அதற்குள் விழுந்தால் வெளியே எடுக்கப் போராடாதீர்கள், தடம் முடியும் வரை அதோடேயே போங்கள்.

கொக்குவில் சில்லு:
அண்ணைமார், அக்கா, மிகவும் நன்றி. முதல் சனிக்கிழமை ரிட்ஜ்வே என்று தீர்மானித்துவிட்டேன், கோரிங்கில் ஏறி முடிந்த தூரம் போய்த் திரும்புவேன். இரண்டு சின்னக் கேள்வி. குதிரை எதிரே வந்தால் என்ன செய்வது? போவதற்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது, இங்கே இருந்துகொண்டே ஏற்றத்துக்குக் காலைப் பழக்க வழி இருக்கிறதா?

சுன்னாகத்தான்:
குதிரை எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நில்லுங்கள். பின்னால் இருந்து போகிறீர்கள் என்றால் தூரத்திலேயே "ஹலோ" என்று குரல் கொடுங்கள், மனிதக் குரல் என்று தெரிந்தால் குதிரை மிரளாது. அவர்கள் சொன்ன பிறகு அகலமாக விலத்திப் போங்கள். படலை திறந்து போனால் சாத்திவிட்டுப் போங்கள், உள்ளே ஆடு மாடு நிற்கும். ஜூனில் பாதையோரம் காஞ்சோண்டி போல ஒரு செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும், பட்டால் கடிக்கும், ஒடுங்கிய இடத்தில் முழங்கை கவனம்.

நல்லூர் மேற்கு:
நான் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறேன், இரண்டு தடவை அங்கே போய் ஓடியிருக்கிறேன், ஆகவே பழக்கத்தைப் பற்றி நான் சொல்லலாம். எங்களிடம் மலை இல்லை, காற்று இருக்கிறது. சோளகம் வீசத் தொடங்கிவிட்டது, பின்னேரம் 3 மணிக்குப் பண்ணையில் இருந்து மண்டைதீவுச் சந்தி வரை எதிர்க்காற்றில் பாரமான கியரில் இருந்தபடியே மிதியுங்கள், எழும்பி நிற்கக் கூடாது. திரும்பி வந்து மறுபடி போங்கள், ஒரு பின்னேரத்தில் நாலு தடவை. ஏற்றத்தில் தொடையில் வருகிற அந்த எரிவு அப்படியே வரும். கிழமையில் ஒரு நாள் மணற்காட்டுக்குப் போய் மணலில் ஓடுங்கள், முன்சில்லில் பாரத்தைப் போடாமல் பின்னுக்கு இருந்து ஓடப் பழகினால் அங்கே சேறும் தளர்ந்த கல்லும் பயமாக இராது. இன்னொன்று, ரயருக்கு இங்கே அடிக்கிற மாதிரிக் கல்லுப்போலக் காற்று அடிக்காதீர்கள். ரியூப் போட்ட அகல ரயர் என்றால் 30 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலே போதும், பெருவிரலால் அமத்தினால் சற்றே அமர வேண்டும். பண்ணையில் வியாழன் பின்னேரம் நானும் நிற்பேன், வாருங்கள் சேர்ந்து மிதிப்போம்.